எழுந்து நிற்கும் விமானம்

போர் விமானம் ஒன்று தாழப் பறந்து வருகிறது. தரையை நெருங்கியதும் அதன் மூக்கு மடிகிறது. விமானி அமரும் கண்ணாடி அறை மார்பாகிறது. வால்பகுதி இரண்டாகப் பிளந்து கால்களாகிறது. இறக்கைகள் முதுகில் ஒட்டிக்கொள்ள, நடுவிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கிறது. இப்பொழுது உங்கள் முன் நிற்பது விமானம் அல்ல. மூன்று மாடி உயரமுள்ள ஓர் இயந்திர மனிதன். அவன் பெயர் ஸ்டார்ஸ்கிரீம்.

1984-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரே சமயத்தில் பொம்மையாகவும், சித்திரக்கதையாகவும், தொலைக்காட்சிப் படமாகவும் வெளிவந்த 'டிரான்ஸ்பார்மர்ஸ்' கதையில் இவன் ஒரு வில்லன். அதுவும் சாதாரண வில்லன் அல்ல, வில்லன்களுக்கே வில்லன். சைபர்ட்ரான் என்ற கற்பனைக் கோளிலிருந்து வந்த தீய இயந்திரங்களின் தலைவன் மெகாட்ரான். அவனுக்கு அடுத்த இடத்தில் இருக்கும் ஸ்டார்ஸ்கிரீம், எப்பொழுது தலைவனைக் கவிழ்த்துவிட்டுத் தான் அந்த இடத்தில் அமரலாம் என்று காத்துக்கொண்டே இருப்பான். 1986-இல் வந்த திரைப்படத்தில் அடிபட்டுக் கிடக்கும் மெகாட்ரானை விண்வெளியில் தூக்கி எறிந்துவிட்டு முடியும் சூட்டிக்கொள்கிறான். புது உருவில் திரும்பி வந்த பழைய தலைவன் ஒரே சுடலில் அவனைச் சாம்பலாக்கிவிடுகிறான்! இவ்வளவு துரோகியான இவன், போருக்கு முன் ஒரு விஞ்ஞானியாக இருந்தான் என்று தொலைக்காட்சித் தொடரின் ஒரு கதை கூறுகிறது. விஞ்ஞானம் படித்தவர்களெல்லாம் நல்லவர்களாகிவிடுவதில்லை போலும்.

கதை இருக்கட்டும். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு விமானம் உண்மையிலேயே இப்படி எழுந்து நிற்க முடியுமா? 'முடியாது, அது கற்பனை' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் ஏன் முடியாது, எந்த இடத்தில் முடியாது என்று தேடிக்கொண்டு போனால், விமானத்தைப் பற்றி நல்ல பாடமொன்று கிடைக்கிறது. சில இடங்களில் நாம் எதிர்பார்த்ததற்கு மாறான விடையும் வருகிறது.

முதலில் பொம்மையின் பிறப்பைப் பார்ப்போம். இந்தப் பொம்மை அமெரிக்காவில் பிறந்ததல்ல. ஜப்பானின் டகாரா நிறுவனம் 'டயாக்ளோன்' என்ற வரிசையில் 1983-இல் வெளியிட்ட ஜெட் ரோபோதான் இது. அதன் விமான வடிவம் எஃப்-15 ஈகிள் என்ற உண்மையான அமெரிக்கப் போர் விமானம். அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் டகாராவிடமிருந்து இத்தகைய பொம்மைகளை வாங்கிப் புதுப் பெயர் சூட்டியது. மார்வெல் சித்திரக்கதை நிறுவனத்தில் ஆசிரியராக இருந்த பாப் புடியான்ஸ்கி, பெரும்பாலான பாத்திரங்களுக்குப் பெயரும் குணமும் எழுதிக் கொடுத்தார். ஒரே அச்சில் வார்த்த பொம்மையைச் சாம்பல் நிறத்தில் செய்தால் ஸ்டார்ஸ்கிரீம். நீல நிறத்தில் செய்தால் தண்டர்கிராக்கர். கறுப்பில் செய்தால் ஸ்கைவார்ப். ஓர் அச்சு, மூன்று ஆள்! வியாபாரத்தில் இதுவும் ஒரு விஞ்ஞானந்தான்.

பொம்மைப் பெட்டியின் பின்புறம் பாத்திரத்தின் பலம், அறிவு, வேகம், துணிவு முதலிய எட்டுக் குணங்களுக்கு மதிப்பெண் வரைபடம் அச்சிட்டிருந்தது. வெறும் கண்ணால் பார்த்தால் அது சிவப்புப் புள்ளிக் குழப்பமாகவே தெரியும். கூடவே கொடுத்த சிவப்பு பிளாஸ்டிக் துண்டை அதன் மேல் வைத்தால் கோடுகள் தெளிவாகிவிடும். காரணம் எளியது. சிவப்புத் தாளின் வழியே பார்க்கும்போது வெள்ளைக் காகிதமும் சிவப்பாகத் தெரிகிறது. சிவப்புப் புள்ளியும் சிவப்பாகத் தெரிகிறது. இரண்டும் ஒன்றாகிவிடுவதால் புள்ளிகள் மறைகின்றன. நீலக் கோட்டிலிருந்து வரும் ஒளியையோ சிவப்புத் தாள் விடுவதில்லை. ஆகவே அது கறுப்பாகத் துலங்குகிறது. மிட்டாய் சுற்றிவரும் சிவப்புக் கண்ணாடித்தாளும் இரண்டு வண்ணப் பென்சில்களும் இருந்தால் நீங்களே இந்த இரகசிய எழுத்தைச் செய்து பார்க்கலாம்.

பொம்மையை நூறு மடங்கு பெரிதாக்கினால்?

எஃப்-15 விமானத்தின் நீளம் 19.4 மீட்டர். பொம்மை ஏறத்தாழ ஒரு சாண். அதாவது பொம்மையைப்போல் சுமார் 100 மடங்கு நீளம் கொண்டது உண்மை விமானம். பொம்மையின் எடை 200 கிராம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதை அப்படியே 100 மடங்கு பெரிதாக்கினால் எடை என்னவாகும்? 20 கிலோ என்று சொல்லத் தோன்றும். நீளம் 100 மடங்கு, அகலம் 100 மடங்கு, உயரமும் 100 மடங்கு. ஆகவே கன அளவு 10 லட்சம் மடங்கு. எடை 200 டன்!

உண்மையான எஃப்-15, எரிபொருளும் ஆயுதமும் இல்லாமல், 13 டன்னுக்குச் சற்றுக் குறைவுதான். நமது பெரிய பொம்மை அதைப்போல் பதினைந்து மடங்குக்கு மேல் கனக்கிறது. இதிலிருந்து ஒன்று விளங்குகிறது: விமானம் என்பது பெரும்பாலும் வெற்றிடம். மெல்லிய தகட்டுத் தோல், உள்ளே விலா எலும்புபோன்ற சட்டங்கள், எரிபொருள் நிரப்பும் அறைகள், காற்றுப் போகும் குழாய்கள். பொம்மையின் பிளாஸ்டிக் சுவர் அதன் அளவுக்கு மிகத் தடிமனானது. அதனால்தான் அது தரையில் விழுந்தாலும் உடைவதில்லை.

எடை 10 லட்சம் மடங்கு கூடும்போது, அந்த எடையைத் தாங்கும் மூட்டின் குறுக்குப் பரப்பு 10,000 மடங்குதான் கூடுகிறது. ஆக, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்னைவிட 100 மடங்கு பாரம் சுமக்க வேண்டும். இந்த உண்மையை முதலில் விளக்கமாக எழுதியவர் கலிலியோ. 1638-இல் வெளியான தம் நூலில், சிறு பிராணியின் எலும்பையும், அது பன்மடங்கு பெரிதானால் தேவைப்படும் கொழுத்த எலும்பையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டினார். எறும்பின் கால் நூல்போல் இருக்கிறது. யானையின் கால் தூண்போல் இருக்கிறது. காரணம் இதுவே.

சரி, பொம்மையை விட்டுவிட்டு, உண்மை விமானத்தின் 13 டன் எடையையே எடுத்துக்கொள்வோம். அது இரண்டு கால்களில் நின்றால் தரையில் புதைந்துவிடாதா? கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு பாதமும் 1.2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் எனக் கொண்டால், இரண்டும் சேர்ந்து 24,000 சதுர சென்டிமீட்டர். 13,000 கிலோவை இதனால் வகுத்தால், சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். ஒற்றைக் காலில் நின்றால் ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். ஒரு லாரிச் சக்கரம் சாலையை இதைவிடப் பல மடங்கு அதிகமாக அழுத்துகிறது. ஆகவே ஸ்டார்ஸ்கிரீம் தாராளமாகத் தார்ச்சாலையில் நடந்து போகலாம். மழை பெய்த வயலில் இறங்காதிருந்தால் சரி. தரை தாங்கும் என்பது நாம் எதிர்பாராத விடை அல்லவா?

முழங்கால்தான் சிக்கல்

நிற்பது தரையால் கெடவில்லை. கெடுவது காலுக்குள்ளே. இந்த இயந்திர மனிதனின் கால்கள் எவை? விமானத்தின் வால்பகுதி. அங்கே என்ன இருக்கிறது? இரண்டு ஜெட் எஞ்சின்கள்! ஒவ்வொன்றும் சுமார் 5 மீட்டர் நீளம்.

ஜெட் எஞ்சினின் வேலையைச் சற்று நினைவுக்குக் கொண்டுவாருங்கள். முன்னால் உள்ள விசிறி இலைகள் காற்றை உள்ளிழுத்து அமுக்குகின்றன. நடுவில் எரிபொருள் எரிகிறது. கொதித்துப் பெருகிய வாயு பின்னால் உள்ள சுழலியைச் சுற்றிவிட்டு வெளியே பாய்கிறது. பின்னால் உள்ள சுழலிதான் முன்னால் உள்ள அமுக்கியைச் சுற்ற வேண்டும். இரண்டையும் இணைப்பது எஞ்சினின் நடு அச்சாக ஓடும் தண்டு. அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுகளுக்கு மேல் சுழல்வது. தலைமயிர் அளவு கோணினாலும் இலைகள் உறையில் உரசி நொறுங்கிவிடும். இப்படிப்பட்ட ஒரு தண்டு ஓடும் காலில் முழங்கால் எங்கே வைப்பது?

சித்திரக்கதையில் ஸ்டார்ஸ்கிரீம் மண்டியிடுகிறான், உட்காருகிறான், தலைவனின் காலைப் பிடித்துக் கெஞ்சுகிறான். பொம்மையிலோ கால் மடங்குவதே இல்லை, விறைத்த மரக்கால். ஓவியரைவிடப் பொம்மை செய்தவர் எஞ்சினுக்கு அதிக மரியாதை கொடுத்திருக்கிறார் என்றே சொல்வேன்!

முழங்காலே வேண்டாம், விறைப்பாகவே நடக்கட்டும் என்றாலும் இன்னொரு தொல்லை காத்திருக்கிறது. சைக்கிள் சக்கரம் ஒன்றைக் கழற்றி, அதன் அச்சை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, நண்பரை வேகமாகச் சுற்றிவிடச் சொல்லுங்கள். இப்பொழுது அச்சைச் சாய்த்துப் பாருங்கள். நீங்கள் ஒரு பக்கம் சாய்த்தால் சக்கரம் வேறொரு பக்கம் திமிறும். சுழலும் பொருள் தன் அச்சின் திசையை எளிதில் மாற்ற விடாது. மாற்ற முயன்றால் குறுக்குத் திசையில் முறுக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது இவன் காலை முன்னே வீசினால், கால் முன்னே போகும். அதே சமயம் பக்கவாட்டிலும் திமிறும். இடுப்பு மூட்டின் கதி என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்து காற்று. எஃப்-15 விமானத்தில் காற்று நுழையும் பெட்டி போன்ற வாய்கள் இரு பக்கமும் உள்ளன. மனித உருவில் அவை தோள் பக்கம் போய்விடுகின்றன. எஞ்சினோ காலில். நடுவில் இடுப்பு. காற்றுக் குழாய் வயிற்றின் வழியே மடிந்து நெளிந்து போக வேண்டும். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்தில் இந்தக் குழாய் சாதாரண ஓட்டையன்று. அதிவேகத்தில் வரும் காற்றை, ஒலியின் வேகத்துக்குக் கீழே தணித்து எஞ்சினிடம் ஒப்படைக்கும் கருவி அது. இதற்காகவே உண்மை எஃப்-15 விமானத்தின் காற்று வாய் வேகத்துக்கேற்ப மேலும் கீழும் சில பாகை தலையசைக்கிறது. உள்ளே உள்ள சரிவுத் தகடுகளும் நகர்கின்றன. பறக்கும்போதே உருமாறும் உறுப்பு அந்த விமானத்தில் நிஜமாகவே இருக்கிறது. மூக்கு மடிவதுபோல் கண்ணைப் பறிக்காததால் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம்?

பெட்டியின் பின்புறக் குறிப்பில் ஸ்டார்ஸ்கிரீம் மாக் 2.8 வேகம் போவான் என்றும், 52 மைல் உயரம் எட்டுவான் என்றும் போட்டிருந்தார்கள். மாக் 1 என்பது ஒலியின் வேகம். உண்மை எஃப்-15 மாக் 2.5 வரை போகக்கூடியது. சிறிய வித்தியாசந்தானே என்று தோன்றும். வெப்பத்தைக் கணக்கிட்டால் அப்படித் தோன்றாது. எதிரே வரும் காற்று விமானத்தின் மூக்கில் மோதி நிற்கும்போது எவ்வளவு சூடாகும் என்பதற்கு எளிய வாய்பாடு உண்டு: மாக் எண்ணின் வர்க்கத்தை 5-ஆல் வகுத்து, 1 கூட்டி, சுற்றியுள்ள காற்றின் கெல்வின் வெப்பநிலையால் பெருக்க வேண்டும். 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் வெப்பநிலை சுமார் 216.5 கெல்வின், அதாவது பூச்சியத்துக்குக் கீழே 56 பாகை. மாக் 2.5-க்கு விடை 487 கெல்வின். செல்சியசில் 214 பாகை. மாக் 2.8-க்கு 556 கெல்வின். செல்சியசில் 283 பாகை. வெள்ளீயம் 232 பாகையில் உருகிவிடும்! அலுமினியம் உருகாது, ஆனால் அதற்கு நெடுநேரத்திற்கு முன்பே பலம் குன்றத் தொடங்கும். எஃப்-15 விமானத்தில் டைட்டானியம் நிறையச் சேர்த்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சூடானால் உலோகம் நீளும். 19 மீட்டர் அலுமினிய உடல் முழுவதும் 200 பாகை சூடேறினால் 8 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும். கீலும் மூட்டும் இல்லாத விமானத்துக்கே இது தலைவலி. எஸ்ஆர்-71 என்ற அமெரிக்க உளவு விமானம் மாக் 3-க்கு மேல் பறந்தது. சூட்டில் விரிய இடம் வேண்டுமென்று இடைவெளி விட்டுக் கட்டியதால், தரையில் நிற்கும்போது அதிலிருந்து எரிபொருள் சொட்டிக்கொண்டே இருக்கும். உடல் முழுக்க மூட்டுகள் உள்ள ஸ்டார்ஸ்கிரீம் குளிரில் இறுகப் பொருந்தினால் சூட்டில் சிக்கிக்கொள்வான். சூட்டில் பொருந்தினால் குளிரில் கடகடவென்று ஆடுவான்.

52 மைல் என்பது சுமார் 84 கிலோமீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி தரைமட்டத்தில் உள்ளதில் ஒரு லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஜெட் எஞ்சின் மூச்சுவிடும் எஞ்சின். காற்று இல்லாவிட்டால் அணைந்துபோகும். எஃப்-15 வழக்கமாகப் பறக்கும் எல்லை 20 கிலோமீட்டருக்குள்தான். 1975-இல் எடை குறைத்துத் தயாரித்த எஃப்-15 ஒன்று, நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு 207.8 விநாடியில் 30 கிலோமீட்டர் உயரம் எட்டியது. அதுவும் கல்லை மேலே எறிவதுபோல், கீழே பெற்ற வேகத்தை மேலே செலவழித்துத்தான். அதற்கும் மேலே போக ராக்கெட் வேண்டும். எக்ஸ்-15 என்ற ராக்கெட் விமானம் 1963-இல் 107 கிலோமீட்டரைத் தாண்டியது. ராக்கெட் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே சுமந்து செல்வது.

வாலில் நின்ற விமானமும் ஒற்றை இறக்கை விமானமும்

எஃப்-15 விமானத்தின் இரண்டு எஞ்சின்களும் முழு வேகத்தில் சேர்ந்து 21 டன்னுக்கு மேல் உந்துகின்றன. பறக்கப் புறப்படும் விமானத்தின் எடை சுமார் 20 டன். எடையைவிட உந்து விசை அதிகம்! ஆகவே இவன் காலடியில் நெருப்புக் கக்கிக்கொண்டு நெட்டுக்குத்தாக எழும்புவது, விசைக் கணக்கின்படி, தவறல்ல. உள்ளங்கையில் கம்பை நிறுத்துவதுபோல் விழாமல் சமாளிப்பதுதான் பாடு. அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். ரயன் எக்ஸ்-13 என்ற சிறு ஜெட் விமானம் 1957 ஏப்ரலில் வால் கீழாக நின்றபடி எழும்பி, வானில் படுத்துப் பறந்து, மறுபடி நிமிர்ந்து இறங்கியது. முதுகுப்புறம் தரையை வைத்துக்கொண்டு இறங்க வேண்டிய விமானியின் நிலையை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அந்த விமானம் பயன்பாட்டுக்கு வரவில்லை.

ஸ்டார்ஸ்கிரீம் பொம்மை ஜப்பானில் வெளிவந்த அதே 1983-இல் இன்னொன்றும் நடந்தது. மே 1-ஆம் தேதி இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக்கு மேலே பயிற்சியின்போது ஓர் எஃப்-15 இன்னொரு விமானத்தோடு மோதியது. வலது இறக்கை கிட்டத்தட்ட அடியோடு முறிந்து போயிற்று. கசிந்த எரிபொருள் ஆவியாகி மறைத்ததால் இறக்கை இல்லை என்பதே விமானிக்குத் தெரியவில்லை. வழக்கத்தைப்போல் இரு மடங்கு வேகத்தில் வந்து அவர் பத்திரமாகத் தரை இறங்கினார். விமானத்தைக் கட்டிய நிறுவனத்தார் முதலில் நம்பவில்லையாம்! பிறகுதான் ஆராய்ந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் அமைந்த இரு எஞ்சின்களாலும் காற்று வாய்களாலும் அந்த விமானத்தின் உடல் பலகைபோல் அகன்றிருக்கிறது. வேகம் மிகுந்தால் அந்த உடலே ஓரளவு இறக்கையின் வேலையைச் செய்துவிடுகிறது. இறக்கைகளை முதுகில் மடித்துக்கொண்டு பாய்ந்து வரும் ஸ்டார்ஸ்கிரீமின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த விமானியின் நினைவுதான் வரும்.

உருமாறும் விமானங்கள் நிஜத்தில் இல்லாமலில்லை. எஃப்-14 விமானம் மெதுவாகப் பறக்க இறக்கைகளை விரித்தும், விரைந்து பறக்கப் பின்னால் மடக்கியும் பறந்தது. அந்தச் சுழல் மூட்டைத் தாங்கவே கனத்த டைட்டானியப் பெட்டி வேண்டியிருந்தது. அதன் பராமரிப்பும் பெரும் செலவு. அமெரிக்கக் கடற்படை 2006-இல் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டது. 2007-இல் வந்த திரைப்படத்தில் ஸ்டார்ஸ்கிரீமும் எஃப்-15 உருவை விட்டு எஃப்-22 ஆகிவிட்டான்.

காலியான இருக்கை

ஜப்பானியப் பொம்மையில் ஒரு விஷயம் இருந்தது. அமெரிக்கப் பொம்மையில் அதை எடுத்துவிட்டார்கள். விமானி அறையைத் திறந்தால் உள்ளே விரல் நுனி அளவான ஒரு குட்டி மனிதன் அமரலாம். பாதத்தில் காந்தம் வைத்த அந்த மனிதன்தான் ரோபோவை ஓட்டுபவன். அமெரிக்காவில் கதை எழுதியபோது இயந்திரத்துக்கே உயிரும் புத்தியும் கொடுத்ததால் குட்டி மனிதனுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பொம்மையில் இருக்கை மட்டும் காலியாக மிஞ்சியது.

மேலே சொன்ன முழங்கால் சிக்கலெல்லாம் இன்னும் தீரவில்லை. காலியான இருக்கைதான் நிஜத்துக்கு அருகில் வந்துவிட்டது. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவில் நடந்த ஒரு போட்டியில், கணினித் திரையில் நடந்த வான்போரில், செயற்கை அறிவு நிரல் ஒன்று அனுபவமுள்ள எஃப்-16 விமானியை ஐந்துக்குப் பூச்சியம் என்று வென்றது. எப்படி வென்றது என்பதைக் கவனியுங்கள். நேருக்கு நேர் பாய்ந்து வந்து எதிரே நின்று சுட்டது. பயிற்சியில் மனித விமானிகளுக்கு அது தடுக்கப்பட்ட முறை. மோதினால் இருவரும் சாவார்கள். நிரலுக்கு அந்த அச்சம் இல்லை. வெற்றிக்கு மதிப்பெண் உண்டு என்று சொல்லிக்கொடுத்தார்கள். அது மதிப்பெண்ணைத் தேடிச் சென்றது. ஸ்டார்ஸ்கிரீமைப்போல் பதவி ஆசையோ பொறாமையோ அதற்குத் தேவைப்படவில்லை. சொன்னதை அப்படியே செய்தது, அவ்வளவுதான்.

2024 மே மாதம் கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானத் தளத்திலிருந்து, மாற்றியமைத்த எஃப்-16 விமானம் ஒன்று புறப்பட்டது. பெயர் எக்ஸ்-62ஏ. அதில் இருந்தவர் அப்போதைய அமெரிக்க விமானப்படைத் துறைச் செயலர் பிராங்க் கெண்டால். வானில் விமானத்தை ஓட்டியது செயற்கை அறிவு. மற்றோர் இருக்கையில், தேவைப்பட்டால் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்துக்கொள்வதற்காக, ஒரு மனித விமானி அமர்ந்திருந்தார்.